விழித்திருக்கச் சொன்னார், தூங்கக்கூடாது என்றாரா?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய காத்திருப்புக் காலமான அட்வெந்து தொடங்கிவிட்டது. அதன் முதல் ஞாயிறில் பல சபைகளில் வாசிக்கிற சுவிசேஷம் விழித்திருப்பதைப் பற்றியதுதான். வந்திருக்கிற கேள்விகளும் அதைச் சுற்றியே இருக்கின்றன. நான் போதகர் இல்லை. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், கடலூர் மஞ்சக்குப்பத்தில் வேதபாட வகுப்பு எடுக்கிறவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலியார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி: ஐயா, போர்ச் செய்திகளை வைத்து, இயேசுவின் இரண்டாம் வருகை இந்தத் தேதியில்தான் என்று ஒருவர் யூடியூபில் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?

தேதி சொன்னார் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள் தம்பி. மாற்கு 13:32-ஐ எடுத்துப் பாருங்கள். அந்த நாள் குமாரனுக்கும் தெரியாது, பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்று இயேசுவே சொல்கிறார். மகனுக்கே சொல்லாததை யூடியூப்காரருக்குச் சொல்லியிருப்பாரா?

1979 ஜூலையில் ஸ்கைலாப் விழப்போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். எப்படியும் சாகப்போகிறோம் என்று எங்கள் தெருவில் வளர்ப்புக் கோழிகளை அடித்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். அது இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் போய் விழுந்தது. மறுநாள் தெருவில் முட்டை இல்லை, அவ்வளவுதான்.

போர்களைக் கேள்விப்படும்போது "கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்" என்கிறது மத்தேயு 24:6. இரண்டும் ஒரே மூச்சில் வருவதைக் கவனியுங்கள். துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினால் நம் மீனவர்கள் என்ன செய்கிறார்கள்? படகை மேலே இழுத்துக் கட்டுகிறார்கள், வலையை மேட்டுக்குக் கொண்டுபோகிறார்கள், வானிலைச் செய்தி கேட்கிறார்கள். அப்புறம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார்கள். கரையில் நின்று கத்துகிறவனை எந்தக் குப்பத்திலும் உஷாரான ஆள் என்று சொல்ல மாட்டார்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு சகோதரி: மாதாமாதம் முழு இரவு ஜெபத்துக்குப் போகிறேன். இரண்டு மணிக்கு மேல் கண் சொக்கிவிடுகிறது. "புத்தியில்லாத கன்னிகை" என்று எல்லார் முன்பும் சொல்லிவிட்டார்கள். மனசு உடைந்துவிட்டது.

மத்தேயு 25:5-ஐ அவர்களிடமே வாசிக்கக் கொடுங்கள் அம்மா. மணவாளனுக்காக விளக்கோடு காத்திருந்த பத்துக் கன்னிகைகளைப் பற்றி இயேசு சொன்ன உவமை அது. புத்தியுள்ள ஐந்து பேர் கூடவே எண்ணெயும் எடுத்துப்போனார்கள், மற்ற ஐந்து பேர் எடுக்கவில்லை. மணவாளன் வரத் தாமதித்தபோது "அவர்களெல்லாரும்" தூங்கிவிட்டார்கள். பத்துப் பேரும்! புத்தியுள்ள ஐந்து பேரும் சேர்ந்துதான். தூங்கினதற்காக யாரையும் வெளியே நிறுத்தவில்லை. எண்ணெய் இல்லாததற்காகத்தான் கதவு மூடியது.

எண்ணெய் என்றால் என்ன? விசுவாசம் என்பார்கள், பரிசுத்த ஆவி என்பார்கள், நற்கிரியை என்பார்கள். இயேசு அதை விளக்கவில்லை. ஆனால் அதே அதிகாரத்தை முடிவு வரை வாசித்தால், பசித்தவனுக்குச் சோறு போட்டவர்கள், வியாதியாய்க் கிடந்தவனைப் போய்ப் பார்த்தவர்கள் என்று வருகிறது. நடுராத்திரியில் பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்க முடியாத சரக்கு அது. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறது. என் புத்திக்கு எட்டுவது இவ்வளவே.

இயேசு பிடிபட்ட இரவில் கெத்செமனே தோட்டத்தில் சீஷர்கள் தூங்கியதற்கு அவரிடம் கண்டிப்பு வாங்கினார்களே என்று கேட்பீர்கள். வாங்கினார்கள். மூன்று தரம் வந்து பார்த்தார், மூன்று தரமும் தூக்கம்தான். கடைசியில் "எழுந்திருங்கள், போவோம்" என்று அந்தத் தூங்குமூஞ்சிகளைத்தான் கூட்டிக்கொண்டு போனார். வேறு ஆள் தேடவில்லை.

விழித்திரு என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள சொல்லிலிருந்து வந்ததுதான் கிரகோரி என்ற பெயர். எங்கள் வகுப்பில் ஒரு கிரகோரி இருந்தான். பெயரைப் பொய்யாக்கவே பிறந்தவன், பாவம்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் அக்கா: சுனாமியில் என் தங்கச்சி பிள்ளை போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகாதவர்களைத்தான் கடல் எடுத்தது என்று இன்றைக்கும் ஒருவர் பேசுகிறார்.

அக்கா, அப்படிப் பேசுகிறவருக்கு அந்த நாளே தெரியவில்லை. 2004 டிசம்பர் 26 காலை, வேளாங்கண்ணிக்கு மாதாவைப் பார்க்க வந்தவர்களும்தான் கரையில் இறந்தார்கள். அவர்கள் எந்தக் கோவிலைத் தவறவிட்டார்கள்?

சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டுவிட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார் (லூக்கா 13:4, 5). நீங்களும் மனந்திரும்புங்கள் என்று அடுத்து சொன்னது உயிரோடு நின்று கேட்டவர்களைப் பார்த்து. செத்தவர்களுக்குக் கணக்குப் போடுகிற வேலையை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

பிள்ளை பெயரைச் சொல்லி ஜெபியுங்கள் அக்கா. அந்த ஆளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

நெய்வேலியிலிருந்து ஒருவர்: வீட்டுக்கு ஆபத்து வருவதாகத் தரிசனம் கண்டேன், காணிக்கையை ஜிபே பண்ணுங்கள் என்கிறார் ஒரு தீர்க்கதரிசி.

பண்ணாதீர்கள். பணம் கட்டினால் ஆபத்து விலகும் என்பதை நம்பாதீர்கள். நம்பரை பிளாக் செய்யுங்கள்.

அதே நெய்வேலியிலிருந்து: ஆதார்தான் வேதத்தில் மிருகத்தின் எண்ணாக வரும் 666-ஆ?

இல்லை. வெளிப்படுத்தல் 13-இல் முத்திரை வருவது மிருகத்தை வணங்குவதோடு சேர்ந்து. ரேஷன் வாங்கப் போகிறவர் யாரையும் வணங்கவில்லை, வரிசையில்தான் நிற்கிறார்.

வில்லியனூரிலிருந்து ஒரு கத்தோலிக்கப் பங்கு இளைஞர்: எங்கள் கோவிலில் திருவருகைக்கால மெழுகுவர்த்தி நாலு ஏற்றுகிறோம். நீங்களும் ஏற்றுகிறீர்களே, எங்களைப் பார்த்தா?

சண்டை வேண்டாம் தம்பி, ஆனால் கொடுத்தது புராட்டஸ்டண்டுகளான நாங்கள்! 1839-இல் ஹாம்பர்க் நகரில் விகர்ன் என்ற லுத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி நடத்தினார். கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் நச்சரித்ததால் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்து நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். ஞாயிறுகளுக்குப் பெரியவை, மற்ற நாட்களுக்குச் சின்னவை. பின்னால் நாலு மட்டும் நின்றது, கத்தோலிக்கச் சபைகளுக்கும் போனது. வில்லியனூர் லூர்து மாதா தேரை நாங்கள் வந்து பார்க்கிறோம், கணக்கு சரியாகிவிட்டது.

பெயர், ஊர் எழுதாத ஓர் அம்மா: வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அப்புறம் தூக்கம் வராது, ஜெபமும் வராது. சும்மா விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மாற்கு 13:35-இல் சாயங்காலம், நடுராத்திரி, சேவல்கூவும் நேரம், காலை என்று நாலு வேளை வருகிறது. ரோமர்கள் இரவை மூன்று மூன்று மணியாகப் பிரித்துக் காவல் மாற்றிய வழக்கம் அது. நாலு ஜாமத்துக்கும் ஒரே ஆளை நிறுத்த மாட்டார்கள் அம்மா. உங்கள் பங்கு இரண்டு மணிக்கு அவரைப் புரட்டிப் போடுகிறபோதே முடிந்துவிடுகிறது. வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை, கையில் செய்தீர்களே. சபையில் பெண்கள் சங்கம் இருந்தால், வாரத்தில் ஒரு ராத்திரி வந்து படுக்க ஒருத்தியை அனுப்பச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் எந்தச் சபை என்று எனக்கு எழுதுங்கள், நான் கேட்கிறேன்.