இரண்டு தளபதிகள் ஒருவராகிவிட்டார்கள்

"லோரன்ட் என்குண்டாவுக்கு ஹேக் நகரில் 30 ஆண்டு சிறை" என்று எழுதியதை ஆசிரியர் ஏன் சுழித்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தண்டனை போஸ்கோ என்டகாண்டாவுக்குக் கிடைத்தது. இருவரும் துட்சி இனத்தவர், கிழக்குக் காங்கோவில் ஒரே கிளர்ச்சிப் படையில் இருந்தவர்கள், அதனால் பலருக்கும் இந்தக் குழப்பம் வரும். என்குண்டா தலைவர், என்டகாண்டா அவருக்குக் கீழே படைத் தளபதி. 2009 ஜனவரியில் என்டகாண்டா தலைவரை ஒதுக்கிவிட்டு காங்கோ அரசுடன் சேர்ந்துகொண்டார், அதே மாதம் என்குண்டாவை ருவாண்டா கைது செய்தது.

என்டகாண்டா மீது ஹேக்கில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2006-லேயே பிடியாணை போட்டிருந்தது. அப்படியிருந்தும் காங்கோ ராணுவத்தில் ஜெனரல் பதவி வாங்கி, கிழக்குக் காங்கோவின் கோமா நகரில் யாருக்கும் ஒளியாமல் நடமாடினார். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான், கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது கொடுங்கள். அப்புறம் 2012-ல் ராணுவத்துக்கு எதிராகக் கலகம், அதிலிருந்து எம்23 என்ற கிளர்ச்சி இயக்கம். 2013 மார்ச்சில் ருவாண்டா தலைநகர் கிகாலியில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குத் தானே போய்ச் சரணடைந்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2019-ல் 18 குற்றங்களும் உறுதியானது 2002-03-ல் வடகிழக்குக் காங்கோவின் இட்டூரி பகுதியில் நடந்தவற்றுக்கு மட்டுமே: கொலை, வன்புணர்வு, 15 வயதுகூட ஆகாத பிள்ளைகளைப் படையில் சேர்த்தது. எம்23 காலத்து வன்முறை அந்த வழக்கிலேயே இல்லை, இரண்டையும் சேர்த்து எழுதினால் மறுபடியும் சுழிப்பார்.