முதியவர்கள் பெருகினால் பங்குச் சந்தை சரியுமா? கேள்வி பதில்

அமெரிக்காவில் 1946 முதல் 1964 வரை பிறந்தவர்கள் ஓய்வு பெற்று வருகிறார்கள். எல்லோரும் பங்குகளை விற்றால் என்ன ஆகும் சார்?

இந்தப் பயம் பழையது. 2011-இல், அந்தத் தலைமுறையில் மூத்தவர்களுக்கு 65 வயதானபோது, சான்பிரான்சிஸ்கோ பெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் இருவர் ஒரு கணக்குப் போட்டார்கள். சுமார் 15 ஆக இருந்த பி.இ. விகிதம் (பங்கின் விலை அதன் ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) 2025 வாக்கில் 8.4 வரை இறங்கலாம் என்றார்கள். ஆனால் 2025-இல் அமெரிக்காவின் முக்கியப் பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500-இன் பி.இ. 20-க்கும் மேலே இருந்தது.

கணக்கு எங்கே பிசகியது? அங்கே குடும்பங்கள் வைத்திருக்கும் பங்குகளில் மிகப் பெரும்பகுதி வசதியான பத்து சதவீதத்தினரிடம் இருக்கிறது. சாப்பாட்டுச் செலவுக்காகப் பங்கை விற்க வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை. பிள்ளைகளுக்கு விட்டுச் செல்கிறார்கள். இதைத்தான் முக்கிய காரணமாக நான் நினைக்கிறேன்.

அமெரிக்காவில் 73 வயதானால் ஓய்வுக் கணக்கிலிருந்து பணம் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் முதல் ஆண்டில் எடுக்க வேண்டியது 4 சதவீதத்துக்கும் குறைவு. பங்காகவே சாதாரணக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு.

ஜப்பான் பங்குச் சந்தை முதியவர்கள் பெருகியதால்தானே விழுந்தது?

தேதிகளைப் பாருங்கள். ஜப்பானின் பங்குக் குறியீடான நிக்கேய் உச்சம் தொட்டது 1989 டிசம்பரில். உழைக்கும் வயதினர் எண்ணிக்கை குறையத் தொடங்கியது 1990-களின் நடுவில். விழுந்ததற்கு முதல் காரணம் பங்குகளின் அதிக விலை; பி.இ. அப்போது 60 வாக்கில் இருந்தது. மக்கள்தொகை சுருங்கிக்கொண்டிருந்தபோதே, 2024 பிப்ரவரியில், அந்தப் பழைய உச்சத்தைச் சந்தை தாண்டியது.

நம் பி.எஃப். பணமும் சந்தைக்குப் போகிறதாமே? அதனால்தான் விலை ஏறுகிறதா?

போகிறது. 2015 ஆகஸ்டில் புதிதாக வரும் பணத்தில் 5 சதவீதத்தோடு தொடங்கினார்கள். பிறகு 15 சதவீதமாக்கினார்கள். இ.டி.எஃப். (குறியீட்டில் உள்ள பங்குகளை மொத்தமாக வாங்கும் நிதி) வழியாகப் போகும் இந்தப் பணமும், மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் எஸ்.ஐ.பி. பணமும் விலை மலிவா, அதிகமா என்று பார்த்து வாங்குவதில்லை. மாதம் பிறந்தால் வந்துவிடும். அது விலையைத் தாங்கிப் பிடிக்கிறது, உண்மை. ஆனால் சம்பளம் வரும்வரைதான் அந்த ஓட்டம். நம் நாட்டில் இளைஞர்கள் அதிகம் என்பதற்காக எந்த விலையும் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். வேலை கிடைக்காத இளைஞர் எஸ்.ஐ.பி. போட முடியாது.

எனக்கு 58 வயது. இப்போதே விற்றுவிடட்டுமா?

மக்கள்தொகையை நினைத்து விற்காதீர்கள் ஐயா. ஓய்வுக்குப் பிறகு ஐந்து வருடச் செலவுக்கான தொகையை மட்டும் இப்போதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக டெபாசிட்டுக்கு மாற்றுங்கள். மீதி சந்தையில் இருக்கட்டும்.