அழுகுணி ஆட்டம்

கேள்வி: என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். டிராகன், மந்திரவாதி, வேற கிரகம்னு தடி தடியா இங்கிலீஷ் நாவலா வாங்கித் தள்றான். அவனுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு நாவலை போன மாசம் உங்க பத்திரிகையில துவைச்சுக் காயப்போட்டிருந்தீங்க. பசங்க படிக்கிற கற்பனைக் கதையில போய் லாஜிக் பாக்கணுமா சார்? போனைக் கீழ வெச்சிட்டு ஏதோ ஒரு புக்கை எடுக்குறானேன்னு சந்தோஷப்பட வேண்டியதுதானே?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: சந்தோஷப்படுங்க சார், யாரு வேணாம்னா? படிக்கிற பையன் மேல எனக்கு ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்ல, எழுதினவர் மேலதான். ஆனா "ஏதோ ஒரு புக்"னு எழுதினீங்க பாருங்க, அங்கதான் சுருக்குன்னு ஆச்சு. பையனுக்கு கிரிக்கெட் பேட் வாங்கப் போனா நாலு பேட்டை எடுத்துத் தட்டிப் பாத்து, கிரிப் பாத்து, கடைக்காரரோட பேரம் பேசிதானே வாங்குவீங்க, நாவல்னா மட்டும் ஏதோ ஒண்ணு போதுமா?

லாஜிக் கேட்டீங்க இல்ல, உங்க தெருவுல பசங்க கிரிக்கெட் ஆடுறதை ஒரு பத்து நிமிஷம் நின்னு பாருங்க. ஒன் பிட்ச் கேட்ச் அவுட்டு, ஆனா ஒத்தக் கையில பிடிக்கணும். எதிர்வீட்டு காம்பவுண்டுக்குள்ள பால் விழுந்தா அவுட்டு, அடிச்சவனே ஏறிக் குதிச்சு எடுத்துட்டு வரணும். இதெல்லாம் எந்த ரூல் புக்குல இருக்கு? அவனுங்களா உண்டாக்கினதுதான். ஆனா பாதி மேட்ச்ல ஒருத்தன் "டேய், ரெண்டு கையாலயும் பிடிக்கலாம்டா"ன்னு ஆரம்பிச்சான்னா சட்டையைப் பிடிச்சிருவானுங்க. ஃபேன்டஸி நாவலும் அதேதான். டிராகன் பறக்கட்டும், மீன் பேசட்டும், அதை நான் கேக்கவே மாட்டேன். 40வது பக்கத்துல ஒரு மந்திரம் போட்டா மூணு நாள் ஜுரத்துல கிடக்கணும்னு சொல்லிட்டு, 300வது பக்கத்துல அதே பொண்ணு வரிசையா ஒன்பது மந்திரம் போட்டு ஒரு தும்மல்கூட இல்லாம குதிரை ஏறிப் போறான்னா அது அழுகுணி ஆட்டம். நான் துவைச்ச நாவல்ல நடந்தது இதுதான், நம்பலைன்னா பையன்கிட்டயே கேளுங்க.

இதையே ஒழுங்கா செஞ்சவங்க இருக்காங்க. உர்சுலா லெ க்வின் எழுதி 1968ல வந்த 'எ விஸார்ட் ஆஃப் எர்த்சீ'. கொஞ்சம் வளந்த பசங்களுக்கு ஒரு கதை குடுங்கன்னு பதிப்பாளர் கேட்டு எழுதினதுதான் அது. அதுல கெட்னு ஒரு பையன், மந்திரம் கத்துக்கப் போன இடத்துல கூடப் படிக்கிறவன் சீண்டிட்டான்னு வீம்புக்கு, எந்தக் காலத்துலயோ செத்துப்போன ஒரு பொண்ணோட ஆவியைக் கூப்பிடுறான். கூடவே கருப்பா ஒரு நிழலும் பாஞ்சு வந்து மூஞ்சியைப் பிறாண்டிடுது. அது வந்த வழியை அடைக்கப்போன பெரிய குரு செத்தே போயிடறார். பையன் மாசக்கணக்கா படுத்த படுக்கை, தழும்பு கடைசி வரைக்கும் போகல, மிச்ச நாவல் பூரா அந்த நிழலுக்குப் பயந்து ஓடுறதும் அப்புறம் இவனே அதைத் துரத்திட்டுப் போறதும்தான். ஒரு நாள் வீம்பு பண்ணதுக்கு புக்கு முழுக்க வட்டி கட்டுறான்!

(சைடுல ஒண்ணு. அந்தப் பையன் செம்பழுப்பு நிறம், அவன் ஃப்ரெண்டு இன்னும் கருப்புன்னு புக்குலயே இருக்கு. ஆனா பின்னால வந்த பல பதிப்புங்களோட அட்டையில வெள்ளைக்காரப் பையனா போட்டாங்க, 2004ல டிவிக்கு எடுத்தப்பவும் வெள்ளையா ஒரு நடிகர். லெ க்வின் அம்மா கடுப்பாகி அதைக் கிழிச்சு ஒரு கட்டுரையே எழுதினாங்க.)

சயின்ஸ் ஃபிக்‌ஷன்னா நான் பாக்குறது வேற. விஷயத்தைப் புரிய வைக்கத் தெரியுதா, இல்ல 'குவாண்டம்'னு ஒரு வார்த்தையைத் தூவிட்டு நழுவிடறாரா? மேடலின் லெங்கிளோட 'எ ரிங்கிள் இன் டைம்', 1962ல வந்தது, பசங்களுக்கு இதெல்லாம் ஏறாதுன்னு 20க்கும் மேல பதிப்பாளருங்க திருப்பி அனுப்பின புக்கு, கடைசியில 1963ல, அமெரிக்காவுல பசங்க புக்குக்குக் குடுக்குற நியூபெரி மெடலே வாங்கிடுச்சு. கிரகம் விட்டு கிரகம் தாண்டுறதை அதுல எப்படி சொல்றாங்க தெரியுமா? ஒரு அம்மா தன்னோட பாவாடைத் துணியை ரெண்டு கையாலயும் விரைப்பா பிடிச்சுக்கறாங்க. இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு ஒரு எறும்பு போகணும்னா எவ்ளோ தூரம் நடக்கணும்? இப்போ ரெண்டு கையையும் ஒண்ணா சேத்துட்டா? எறும்பு வந்தாச்சு! அவ்ளோதான் மேட்டர். நான் இதை என் தம்பி பொண்ணுக்கு ஈரிழைத் துண்டை வெச்சு செஞ்சு காட்டினேன், அவ பாத்துட்டு "அப்ப நடுவுல தொங்குற துணி எங்க பெரியப்பா போச்சு?"ன்னா. எனக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் தெரியல. அந்தக் கேள்வியைக் கேக்க வெச்சுது பாருங்க, அதுக்குத்தான் மார்க்.

அப்புறம் பெத்தவங்க பயம்னு ஒண்ணு இருக்கே. லோயிஸ் லோரியோட 'தி கிவர்', 1993. அதுல வர்ற ஊர்ல பசி கிடையாது சண்டை கிடையாது, வேண்டாதவங்களை மட்டும் "விடுவிச்சிடுவாங்க". கதையோட ஹீரோ ஜோனஸுக்கு 12 வயசு, அவன் அப்பாவுக்கு கைக்குழந்தைங்களைப் பாத்துக்குற வேலை. இரட்டைக் குழந்தை பொறந்தா எடை கம்மியா இருக்குறதை விடுவிக்கணும். அப்பா ரெண்டையும் எடை போடறார், சின்னதோட நெத்தி நரம்புல ஊசி போடறார், அது கையைக் காலை உதறிட்டு அடங்குது, பெட்டியில வெச்சு குப்பை போற வழியில தள்ளிட்டு டாட்டா சொல்றார். பையன் இதை வீடியோவுல பாக்குறான். அவர் வில்லன் கிடையாது சார், வீட்டுல பிள்ளையைக் கொஞ்சுற அப்பாதான், அதான் வயித்தைப் பிசையுது. அமெரிக்காவுல ஸ்கூல்லேர்ந்து இதை எடுங்கன்னு பெத்தவங்க எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்காங்க. ஒரு நல்ல வார்த்தைக்குள்ள என்னத்தை ஒளிச்சு வெக்க முடியும்னு ஒன்பதாவது படிக்கிறவனுக்கு தெரியட்டுமே, நான் தாராளமா குடுப்பேன்.

அதுக்காக இருட்டா இருந்தாலே ஆழம்னு எடுத்துக்காதீங்க. 2008ல வந்த 'ஹங்கர் கேம்ஸ்' ஓடின ஓட்டத்துக்கு அப்புறம் கொடுங்கோல் அரசு, கையில ஆயுதத்தோட ஒரு பொண்ணு, அவளுக்குப் பின்னாடி ரெண்டு பசங்கன்னு வந்ததுல பாதிக்கு மேல ஜெராக்ஸ், அதுவும் மை மங்கினது. கடைசி அத்தியாயத்துல உக்காந்து நல்ல கருத்து சொல்ற டிராகனையும் எனக்கு ஆகாது, அதை வாத்தியார் வேலைக்கு அனுப்பிடலாம்.

மத்தபடி உங்க பையனுக்கு அந்த நாவல் பிடிச்சா பிடிச்சதுதான், என் ரெவ்யூவைக் காட்டி அவனை வெறுப்பேத்தாதீங்க. அவனுக்கு என் மேல கோவம்னா என்னைத் திட்டி ஒரு லெட்டர் போடச் சொல்லுங்க, ஒரு வரி வெட்டாம அடுத்த இதழ்ல போடறேன். ஒன்பது மந்திரம் போட்டும் அந்தப் பொண்ணுக்கு ஏன் ஜுரம் வரலைன்னு மட்டும் அதுல சொல்லணும்.