குழாய் விடாமல் வெரிசஸ் இருப்பது தெரியுமா?

கல்லீரல் சுருக்கம் (சிரோசிஸ்) வந்தவர்களுக்கு உணவுக்குழாயின் அடிப்பகுதியில் ரத்தநாளங்கள் புடைப்பதைத்தான் வெரிசஸ் என்கிறோம். இதைப் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு ஹெபடைட்டிஸ் பி-யால் சிரோசிஸ். வயிற்றில் நீர் இல்லை. பைப்ரோஸ்கேன் (கல்லீரல் இறுக்கத்தை அளக்கும் ஸ்கேன்) 16, பிளேட்லெட் 1,80,000. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி என்றாலே பயப்படுகிறார். தள்ளிப்போடலாமா?

பதில்: இந்த எண்களுக்குத் தள்ளிப்போடலாம் அம்மா. கல்லீரல் இறுகினால், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் நாளத்தில் அழுத்தம் ஏறும். மண்ணீரல் வீங்கிப் பிளேட்லெட்டுகளைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் இறுக்கம், பிளேட்லெட் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். 2015-ல் இத்தாலியின் பவேனோவில் கூடிய வல்லுநர்கள் வகுத்த விதி இது: இறுக்கம் 20 கிலோபாஸ்கலுக்குக் கீழே, பிளேட்லெட் 1,50,000-க்கு மேலே. இரண்டும் இருந்தால், சிகிச்சை தேவைப்படும் அளவு வெரிசஸ் கண்ணில் படாமல் தப்பிப்போக 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புதான். ஆனால் இதை ஒரு தடவை பார்த்துவிட்டு மறந்துவிடக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை இரண்டையும் திரும்ப எடுக்க வேண்டும். ஒன்று எல்லை தாண்டினாலும் எண்டோஸ்கோபிதான்.

இன்னொன்று. இந்த விதியில் தேறாதவர்களுக்கெல்லாம் வெரிசஸ் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அவர்களில் பலருக்கு எண்டோஸ்கோபியில் ஒன்றுமே இருக்காது. யாருக்குக் குழாய் வேண்டாம் என்பதைத்தான் இது சொல்லும்.

கேள்வி: எனக்குப் பைப்ரோஸ்கேன் 27, பிளேட்லெட் 95,000. டாக்டர் எண்டோஸ்கோபி பார்க்காமலே, போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலால் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். சரியா?

பதில்: சரிதான் ஐயா. 25-ஐத் தாண்டினாலே போர்ட்டல் அழுத்தம் ஆபத்தான அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம் என்பது 2021 பவேனோ முடிவு. உடல் பருமனோடு கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு அவ்வளவு நம்பகமில்லை. இந்த மாத்திரை வெரிசஸ் ரத்தக்கசிவைத் தடுப்பதோடு, வயிற்றில் நீர் கோர்ப்பதையும் தள்ளிப்போடுகிறது. மாத்திரை ஒத்துக்கொண்டால், வெரிசஸைத் தேடி எண்டோஸ்கோபி செய்ய வேண்டியதில்லை. ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே போனாலும் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்த மட்டும் வேண்டாம்.

கேள்வி: மகனுக்கு 24 வயது. போன மாதம் ரத்த வாந்தி எடுத்தான். பைப்ரோஸ்கேன் 7-தான் வந்தது. அப்படியானால் பயமில்லையா?

பதில்: இந்த 7-ஐ நம்பி இருந்துவிடாதீர்கள். ரத்த வாந்தி எடுத்தவருக்கு மேலே சொன்ன விதி பொருந்தவே பொருந்தாது. எண்டோஸ்கோபி இன்னும் செய்யவில்லை என்றால் உடனே செய்ய வேண்டும். நம் நாட்டில் சிரோசிஸ் இல்லாமலே போர்ட்டல் அழுத்தம் ஏறும் நோய்கள் உண்டு. போர்ட்டல் நாளத்திலேயே அடைப்பு இருக்கலாம், அல்லது கல்லீரலுக்குள் அதன் சிறு கிளைகள் அடைபட்டிருக்கலாம். கல்லீரல் மிருதுவாகவே இருக்கும், ஸ்கேனும் நல்ல எண்ணைக் காட்டும், உணவுக்குழாயிலோ பெரிய வெரிசஸ் இருக்கும். நாளங்களில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் கேளுங்கள். திரும்ப ரத்த வாந்தி வந்தாலோ மலம் தார் போலக் கறுத்தாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் பைப்ரோஸ்கேன் இல்லை. சாதாரண அல்ட்ராசவுண்ட் போதாதா?

பதில்: ஒரு பழைய கணக்கு உண்டு. பிளேட்லெட் எண்ணிக்கையை மண்ணீரலின் நீளத்தால், மில்லிமீட்டரில், வகுக்க வேண்டும். 1,10,000-ஐ 130-ஆல் வகுத்தால் சுமார் 846. 909-க்குக் கீழே போனால் வெரிசஸ் சந்தேகம். 2003-ல் இது வந்தபோது பெரிதாகப் பேசப்பட்டது. பிறகு வந்த ஆய்வுகளில் அவ்வளவு துல்லியம் வரவில்லை. இதை வைத்து எண்டோஸ்கோபி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பைப்ரோஸ்கேனுக்கு டிபன் சாப்பிட்டுவிட்டுப் போனேன், 22 வந்தது. மறுவாரம் வெறும் வயிற்றில் 17. எது உண்மை?

பதில்: 17-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடி எண் ஏறும். குறைந்தது மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. மஞ்சள் காமாலை இருக்கும்போதோ, அண்மையில் நிறையக் குடித்திருந்தாலோ எடுத்த எண்ணும் ஏறித்தான் நிற்கும்.

கேள்வி: அண்ணனுக்கு சிரோசிஸ். இப்போது டெங்கு வந்து பிளேட்லெட் 60,000. வெரிசஸ் வந்துவிட்டதா?

பதில்: காய்ச்சல் நேரத்து எண்ணை இதற்கு எடுக்காதீர்கள் தம்பி. முதலில் டெங்குவைப் பாருங்கள். குணமாகிச் சில வாரம் கழித்து மறுபடி எண்ணிப் பார்க்கலாம்.