பூ வேலைப்பாட்டு இழைப்புளி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏலத்தில் பழைய ஸ்டான்லி 45 இழைப்புளி வாங்கினேன், மரத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுக்கும் வகை. உடல் முழுக்கப் பூவும் கொடியும். நிக்கல் பூச்சு அங்கங்கே கொப்பளித்துத் துரு தெரிகிறது. பஃபிங் போட்டுப் பளபளப்பாக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அந்தப் பூக்கள் உளியால் செதுக்கியவை அல்ல. மாதிரி அச்சை மணலில் பதித்து, அந்தக் குழியில் வார்ப்பிரும்பை ஊற்றி எடுத்தவை. இலை நரம்பு மேலெழும்பி நிற்பது மயிரிழை அளவுதான். பஃபிங் சக்கரம் முதலில் தின்பது அதைத்தான். போனால் திரும்ப வராது. மறுபடி நிக்கல் பூச வேண்டுமென்றாலும் முதலில் தேய்த்துச் சமப்படுத்துவார்கள், ஆக அதுவும் அதே கதிதான். வினிகரில் ஊறப்போடுவதும் தப்பு. கொப்பளத்தின் விளிம்பு வழியாக அமிலம் உள்ளே இறங்கி இரும்பை அரிக்கும், நல்ல பூச்சும் சேர்ந்து உரியும்.

முதலில் திருகுகளில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். திருகுத் தலையிலுள்ள வெட்டின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால்தான் கழற்ற வேண்டும். இந்தத் திருகுகளின் மரை தனி அளவு, கடையில் கிடைக்கும் திருகு சேராது. கருங்காலி போலத் தெரியும் பிடியும், பலகை விளிம்பை ஒட்டி ஓடும் ஓரக்கட்டையின் முகப்பும் ரோஸ்வுட், அவற்றைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். உடலை மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் துலக்கியால் தேயுங்கள். பூ இதழின் இடுக்கில் சேர்ந்த அழுக்குக்கு மூங்கில் குச்சி போதும். பூச்சு முற்றிலும் போன இடத்தில் மட்டும் 0000 எண் (மிக நுண்ணிய) எஃகுப் பஞ்சை எண்ணெய் தொட்டுப் பயன்படுத்தலாம். கடைசியில் மெழுகு. கறை கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சட்டும். பூ கூர்மையாக இருப்பதுதான் இதன் அழகு.

கேள்வி: வாங்கும்போதே, முன்பு பஃபிங் போட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். பூக்களுக்கு இடையிலுள்ள மணல் வார்ப்புப் பரப்பு சொரசொரப்பாகவும் இலை விளிம்பு நிழல் விழும்படியும் இருக்க வேண்டும். எல்லாம் ஒரேபோல் வழவழப்பாக, விளிம்பு உருண்டு இருந்தால் தேய்த்தது.

கேள்வி: காடி எடுக்கையில் பாதியில் இறுகி நின்றுவிடுகிறது.

பதில்: ஓரக்கட்டை கோணலாக இருக்கும். அதற்கும் ஓடுதகட்டுக்கும் (காடிக்குள் இறங்கி ஓடும் அடித்தகடு) உள்ள இடைவெளியை முன்னும் பின்னும் அளந்து சமமாக்குங்கள். இழைக்கும்போது பலகையின் எதிர் முனையில் ஆரம்பித்து, ஒவ்வொரு இழைப்புக்கும் சற்றுப் பின்வாங்கி வாருங்கள். மர இழைக்குக் குறுக்கே போகும்போது பக்கத்திலுள்ள சிறு கீறு கத்தியை இறக்காவிட்டால் காடியின் விளிம்பு பிய்ந்துவிடும்.