தலைவருக்கு எழுதி என்ன பயன்?

கேள்வி: ஒவ்வொரு கத்தோலிக்கப் பங்கிலும் (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த சமூகத்திலும்) பொதுநிலையினர், அதாவது குருக்கள் அல்லாத விசுவாசிகள், அடங்கிய நிதிக்குழு வேண்டும் என்று எங்கள் நாட்டு ஆயர்கள் எல்லாரும் சேர்ந்த ஆயர் பேரவை தீர்மானம் போட்டது. எங்கள் ஆயர் கண்டுகொள்ளவில்லை. பேரவைத் தலைவருக்கு எழுதினால், 'உங்கள் ஆயரிடம் பேசுங்கள்' என்கிறார். பிறகு பேரவை எதற்கு?

பதில்: தலைவர் தட்டிக்கழிக்கவில்லை, உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அவர் உங்கள் ஆயருக்கு மேலதிகாரி அல்ல. மறைமாவட்ட ஆயர் பதில் சொல்லவேண்டியது திருத்தந்தைக்கு, அதாவது போப்பாண்டவருக்கு. பக்கத்து மறைமாவட்டங்களுக்குத் தலைமையாக உள்ள பேராயருக்குக்கூட அங்கே நிர்வாக அதிகாரம் கிடையாது. ஒழுங்குமீறல் இருந்தால் அவர் உரோமைக்கு, அதாவது திருத்தந்தையின் தலைமையகத்துக்கு, தெரிவிக்கலாம், அவ்வளவுதான்.

உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் எல்லா நாட்டிலும் பேரவை வேண்டும் என்றது சேர்ந்து யோசிக்க, சேர்ந்து உழைக்க. ஆயர்களுக்கு மேல் இன்னொரு அரசாங்கம் அமைக்க அல்ல. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 455-ஆம் விதியைப் படியுங்கள். பொதுச் சட்டம் இடம் தந்த விஷயத்திலோ, உரோமை தனியாக அனுமதித்த விஷயத்திலோதான் பேரவை கட்டுப்படுத்தும் ஆணை போடமுடியும். அதற்கும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், அப்புறம் திருப்பீடத்தின் (உரோமையின்) ஒப்புதலும் வேண்டும். மற்றபடி, ஒவ்வொரு ஆயரும் சம்மதிக்காமல் 'ஆயர்கள் அனைவரின் பெயரால்' என்று தலைவர் வாய்திறக்கவே முடியாது. போதனை அறிக்கை என்றால் இன்னும் இறுக்கம்: 1998-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் போட்ட விதிப்படி, ஒருமனதாக இருந்தால் நேரே வெளியிடலாம், ஒருவர் முரண்டினாலும் உரோமைக்குப் போகவேண்டும். பேரவை அறிக்கைகள் யாரையும் உறுத்தாமல் வழுவழுவென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பும் அப்படியே. 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் மணிலா வந்தபோது கருக்கொண்டது; அதன் முடிவுகள் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் 1968-இல் கொலம்பியாவின் மெடலின் நகரில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் ஏழைகள் பக்கம் நின்று பேசியது ஒரு கண்டத்தின் திருச்சபையையே அசைத்தது. ஆணை இல்லாவிட்டாலும் குரலுக்கு எடை உண்டு, பேசுகிறவர்கள் பேசினால்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பது பலவீனமான காகிதம். பங்கு நிதிக்குழு பேரவையின் புது யோசனையே அல்ல. ஒவ்வொரு பங்கிலும் அது இருந்தே ஆகவேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 537-ஆம் விதி சொல்கிறது. உங்கள் ஆயர் பேரவையை மறுக்கலாம், இதை மறுக்கமுடியாது. அடுத்த கடிதத்தில் தீர்மானத்தை விட்டுவிட்டு அந்த எண்ணை எழுதுங்கள். பதில் வராவிட்டால், நகலை நேரே உரோமைக்கு அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.