ஏற்றுமதியை நம்பி ஓர் ஏழை நாடு முன்னேற முடியுமா? தென் கொரியா எப்படிச் சாதித்தது?

முடியும். 1964-ல் கொரியாவின் ஏற்றுமதி 10 கோடி டாலர். 1977-ல் 1,000 கோடி டாலர். "உழைப்பாளிகள், ஒழுக்கமானவர்கள்" என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். உழைக்காத ஏழை நாடு எது? திருப்பூரில் ஏற்றுமதி ஆவணங்களோடு மல்லுக்கட்டுகிற எனக்கு, அவர்களின் கடன் ஏற்பாடுதான் முக்கியமாகத் தெரிகிறது.

1961-ல் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி பார்க் சுங் ஹீ, வங்கிகளை அரசின் கைக்குள் கொண்டுவந்தார். 1965-ல் சாதாரண வங்கிக் கடனுக்கு வட்டி 26 சதவீதம். வெளிநாட்டு பையரின் எல்.சி.யை, அதாவது சரக்கு அனுப்பினால் பணம் தருவதாக அவருடைய வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதத்தைக் காட்டினால் ஏழு சதவீதத்துக்கும் குறைவு! அந்த எல்.சி.யை வைத்து, துணி தருகிற உள்ளூர்க்காரருக்கு இன்னொரு எல்.சி. திறக்கலாம்; அவருக்கும் அதே சலுகை. ஆளைப் பார்த்துக் கொடுத்தால் சலுகை மந்திரியின் மச்சானுக்குத்தான் போகும். நியூயார்க்கில் சரக்கு வாங்குகிறவருக்கு அந்த மச்சானைத் தெரியாது. தரமும் விலையும் சரியாக இருந்தால்தான் ஆர்டர். மாதாமாதம் ஜனாதிபதியே உட்கார்ந்து ஏற்றுமதிக் கணக்குக் கேட்டார். ஊழல் இல்லாமல் இல்லை, தாராளமாகவே இருந்தது. ஆனாலும் சரக்கு கப்பல் ஏறியாக வேண்டும்.

அப்படி ஏறியதில் ஒன்று தலைமுடி. 1965-ல் சீன முடியில் செய்த விக்குகளை அமெரிக்கா தடை செய்ய, கொரியா அந்த இடத்தைப் பிடித்தது. 1970 வாக்கில் மொத்த ஏற்றுமதியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விக்தான். கப்பலும் காரும் அப்புறம் வந்தவை.

அதைப் பின்னிய பெண்களின் கதையைப் பலர் சொல்வதில்லை. சங்கம் வைத்தால் போலீஸ் வரும். 1970-ல் சியோலில் 22 வயதுத் தையல் தொழிலாளி ஜியோன் தே இல், இருக்கிற தொழிலாளர் சட்டத்தையாவது மதியுங்கள் என்று கேட்டுத் தீக்குளித்தார். 1979 ஆகஸ்டில், மூடப்பட்ட ஒரு விக் கம்பெனியின் பெண்கள் எதிர்க்கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து போராட, போலீஸ் உள்ளே புகுந்ததில் ஒரு பெண் இறந்தார். அதைத் தொடர்ந்து எதிர்க்கட்சித் தலைவரின் எம்.பி. பதவி பறிக்கப்பட, புசானிலும் மாசானிலும் கலவரம். அக்டோபரில் பார்க்கை அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார்.

அதிர்ஷ்டமும் கொஞ்சம் உண்டு: அமெரிக்கச் சந்தை திறந்திருந்தது, 1965 ஒப்பந்தப்படி ஜப்பான் பணம் கொடுத்தது, வியட்நாம் போரில் கான்ட்ராக்டுகள் கிடைத்தன.

இன்று இதை அப்படியே காப்பியடிக்க முடியாது. ஏற்றுமதி செய்தால்தான் மானியம் என்பதை உலக வர்த்தக அமைப்பு பெரும்பாலான நாடுகளுக்குத் தடை செய்திருக்கிறது. இந்தியாவின் சில திட்டங்கள் மீது அமெரிக்கா தொடுத்த வழக்கிலும் 2019-ல் தீர்ப்பு நமக்கு எதிராகத்தான் வந்தது. கட்டிய வரியைத் திருப்பித் தரும் டிராபேக் மாதிரி ஏற்பாடுகள் மட்டும் செல்லும். அதை வைத்துத்தான் நாங்கள் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.